பழைய ஹைலக்ஸ் கெப்பின் டைமிங் பெல்ட்டை வீட்டு முற்றத்தில் மாற்றலாமா?

மாற்றலாம். 1990களின் டொயோட்டா ஹைலக்ஸ் டீசல் கெப் (பின்னால் சாமான் ஏற்றும் பெட்டி உள்ள வண்டி) ஒன்றை வாங்கியிருப்பதாகவும், கராஜில் கேட்கும் கூலி கட்டுப்படியாகவில்லை என்றும், வீட்டிலேயே கை வைத்தால் எஞ்சின் போய்விடுமோ என்று பயமாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையது 2எல் அல்லது 3எல் எஞ்சினாக இருக்கும் (இவை எஞ்சின் வகையின் பெயர்கள், லீற்றர் அளவு அல்ல) என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். என்னுடையது 3எல் பூட்டிய எல்என்106 மொடல் ஹைலக்ஸ். கிளிநொச்சியிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மரக்கறி ஏற்றி ஓடும் வண்டி.

"தெரியாதவன் தொட்டால் எஞ்சின் நாசம்" என்று யாராவது கீழே எழுதத்தான் போகிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. இந்த டீசல் எஞ்சின்கள் காற்றை இருபது மடங்குக்கு மேல் நெருக்கித்தான் டீசலைப் பற்றவைக்கின்றன. அதனால் பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அதற்கும் மேல்தலைக்கும் இடையில் மிகக் குறுகிய இடமே மிஞ்சும். அந்த நேரத்தில் வால்வு திறந்திருந்தால் மோதல்தான். வால்வுகளைத் திறந்து மூடும் காம் தண்டைச் சுழற்றுவது இந்த ஒற்றைப் பெல்ட். சிலிண்டர்களுக்கு டீசலைச் செலுத்தும் இஞ்செக்ஷன் பம்பைச் சுழற்றுவதும் அதுவே. ஓட்டத்தில் அறுந்தால் டீசல் வருவது நின்றுவிடும். ஆனால் வண்டி கியரில் உருண்டுகொண்டிருப்பதால் பிஸ்டன்கள் நிற்பதில்லை. வால்வுகள் வளைந்துபோகும். இதே பயம் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்பவருக்கும் இருக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

நான் வண்டியை வாங்கியபோது, விற்றவர் ஒரு கராஜ் பற்றுச்சீட்டைக் காட்டினார். 'பெல்ட் மாற்றியது' என்று எழுதி, தொகையும் கையெழுத்தும் இருந்தன. அவரும் அதை நம்பித்தான் இருந்தார். அவரை நான் குறை சொல்லவில்லை. எனக்குச் சந்தேகம் வந்தது டேஷ்போர்டில். இந்த வண்டிகளில் 1,00,000 கிலோமீற்றர் ஆனதும் பெல்ட்டை மாற்றச் சொல்லி எரிகிற விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பும்போது மற்ற விளக்குகளோடு அதுவும் ஒரு தடவை எரிய வேண்டும். என் வண்டியில் எரியவே இல்லை. மீற்றர் பெட்டியைக் கழற்றிப் பார்த்தால் அந்த இடத்தில் பல்பே இல்லை.

மேல் மூடியைத் திறந்தேன். உள்ளே இருந்த பெல்ட்டில் எழுத்துகள் முழுவதும் தேய்ந்து போயிருந்தன. பற்களின் அடியில் வெடிப்பு, ஓரத்தில் நார் பிரிந்திருந்தது. வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்கள் மட்டும் புத்தம் புதியவை. பற்றுச்சீட்டில் எழுதிய 'பெல்ட்' அதுதான்! அந்தக் கராஜின் பெயரை இங்கே எழுத மாட்டேன். எல்லா மெக்கானிக்குகளும் இப்படி என்றும் நான் சொல்லவில்லை. எனக்குத் தொழில் காட்டித்தந்தவரே பரந்தனில் ஒரு மெக்கானிக்தான். ஆனால் அந்தப் பல்பைக் கழற்றிய கை யாருடையதாக இருந்தாலும், ஏ9 வீதியில் நள்ளிரவில் பாரத்தோடு ஓடும் ஒரு மனிதனை அது எண்ணிப் பார்க்கவில்லை. அதை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து இந்த வேலையை நானே செய்கிறேன். என் மருமகன் கூட நிற்பான். ஒருவருக்கு இரண்டு பேர் இருப்பது நல்லது.

பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். கூலன்டை இறக்கி ரேடியேற்றரையும் ஃபேனையும் எடுத்துவிடுங்கள். எடுக்காமலும் செய்யலாம் என்பார்கள். அந்த இடுக்கில் கையை விட்டு, பெல்ட் ஓடும் சக்கரங்களின் குறி நேராக இருக்கிறதா என்று சாய்ந்து பார்த்தால் கண் ஏமாற்றும். நேரே நின்று பார்க்க இடம் வேண்டும்.

அதிகமாகப் பாடுபடுத்துவது கிராங்க் புள்ளியின் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டின் முன்னால் பூட்டிய பெல்ட் சக்கரத்தின்) நடுப் போல்ட். டொப் கியரில் போட்டு, மருமகனைப் பிரேக்கில் இருத்தி, ஸ்பானர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி அமர்த்தினால் விடும். சிலர் ஸ்பானரைச் சேசிஸில் முட்டுக்கொடுத்து ஸ்டார்ட்டரை அடிக்கச் சொல்வார்கள். வேண்டாம். டீசல் எஞ்சின் பற்றிக்கொண்டால் அந்த ஸ்பானர் எங்கே பறக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. போல்ட் தளர்ந்த பிறகு கியரை எடுத்துவிட்டு, முதலாவது சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவாருங்கள். புள்ளியைச் சுத்தியலால் தட்டாதீர்கள். அதை இழுத்துக் கழற்றப் புள்ளர் என்ற கருவி இருக்கிறது, வாடகைக்கும் கிடைக்கும்.

நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வது, ஸ்டார்ட் செய்யும்போது சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகள் பற்றித்தான். நான்கையும் கழற்றிவிடுங்கள். அழுத்தம் வெளியேறிவிடுவதால் எஞ்சின் கையால் இலேசாகச் சுழலும். எங்கேயாவது வால்வு பிஸ்டனில் முட்டினால் அந்தத் தடை கைக்குத் தெளிவாகத் தெரியும். அழுத்தம் இருந்தால் எது அழுத்தம், எது மோதல் என்று பிரித்தறிய முடியாது.

கிராங்க், காம், பம்ப் என்று மூன்று சக்கரங்களிலும் குறிகள் உண்டு. மூன்றும் தத்தம் இடத்துக்கு நேராக நிற்கும்போது, பழைய பெல்ட்டைக் கழற்றும் முன்பே, வெள்ளைப் பெயின்டால் உங்கள் குறியையும் போட்டுப் படம் எடுத்து வையுங்கள். பெல்ட்டை உருவியதும் பம்ப் சக்கரம் உள்ளிருக்கும் ஸ்பிரிங்கின் விசையால் திடீரென்று கொஞ்சம் திரும்பும். பலர் பதறுவது இந்த இடத்தில்தான். பதற ஒன்றுமில்லை, ஸ்பானரால் மெதுவாகக் குறிக்குத் திருப்பிப் பிடித்துக்கொண்டு புதிய பெல்ட்டை ஏற்றலாம். ஏற்றும் முன் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பற்களை எண்ணுங்கள், அகலத்தையும் பாருங்கள். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். புதிய பெல்ட்டைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது, எண்ணெய்க் கையால் தொடவும் கூடாது.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளையான டென்ஷனரை ஸ்பிரிங்கே இழுக்கட்டும். நெம்புகோல் வைத்து இறுக்க வேண்டாம். பிறகு எஞ்சின் ஓடும் திசையிலேயே கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் காமும் பம்பும் ஒரு சுற்று வரும். ஆகவே மூன்று குறிகளும் மறுபடி நேராக வந்து நிற்க வேண்டும். ஒரு பல் தள்ளி நின்றாலும் கழற்றி மறுபடி போடுங்கள். "ஒரு பல்தானே" என்று விட்டால், பம்ப் பக்கம் என்றால் அடிச்சத்தமும் புகையும் வரும். காம் பக்கத்து வித்தியாசத்தை நான் பரீட்சித்துப் பார்க்க மாட்டேன். டென்ஷனர் போல்ட்டை இறுக்குவது இந்த இரண்டு சுற்றுக்கும் பிறகுதான்.

திறந்த கையோடு, புதிய பெல்ட்டை ஏற்றும் முன்பே, டென்ஷனர், ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்டும் உருளை) பேரிங்குகளையும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் கிராங்க் சீலையும் காம் சீலையும் மாற்றுங்கள். எண்ணெய் கசிந்து பெல்ட்டில் படிந்தால் புதிய றப்பரும் ஊதிக் கெடும். இந்த எஞ்சினில் வாட்டர் பம்பை ஓட்டுவது வெளியிலிருக்கும் பெல்ட்தான் என்பதால் அது கட்டாயமில்லை.

"பழைய வண்டியோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய், விற்றுவிட்டுப் புதிதாக வாங்கு" என்று வெளிநாட்டிலிருக்கும் உறவினர்கள் எனக்கும் சொல்கிறார்கள். எதை வாங்குவது? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில், அதுவும் வரியோடு. இடையில் பழைய கெப்களின் விலை ஏறிய ஏற்றத்தை உழவன் எவனும் எட்ட முடியாது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குத் தீர்வையற்ற வாகன அனுமதிப்பத்திரம் காலங்காலமாகக் கொடுத்துவந்த நாடு இது. நெல்லும் மிளகாயும் ஏற்றுகிறவனுக்கு அப்படி ஒரு பத்திரம் ஒருநாளும் வரவில்லை. பொருளாதாரத் தடை இருந்த 1990களில் எரிபொருளும் உதிரிப்பாகமும் இல்லாமல் வடக்கில் என் அப்பாவின் தலைமுறை பழைய ஒஸ்டின் கார்களைத் துளிப் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியது. வீட்டு முற்றத்தில் எஞ்சினைப் பிரிப்பது எங்களுக்குப் பொழுதுபோக்காக வந்த பழக்கமல்ல. கேள்விக்கு இது சம்பந்தமில்லை என்று தெரிகிறது. ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முடிந்ததும் மூடியின் உட்புறத்தில் திகதியையும் கிலோமீற்றரையும் அழியாத மையால் எழுதுங்கள். மீற்றரில் அந்த விளக்கை ரீசெட் செய்யுங்கள். பல்ப் இருக்கிறதா என்றும் பாருங்கள். கிலோமீற்றர் ஆகாவிட்டாலும் பெல்ட்டுக்கு வயது உண்டு. எங்கள் வெயிலிலும் செம்மண் புழுதியிலும் நான் லட்சம் வரை காத்திருப்பதில்லை.

உங்கள் எஞ்சின் 2எல், 3எல் இரண்டும் இல்லாமல் மிட்சுபிஷியின் 4டி56 போன்ற வேறொன்றாக இருந்தால், மேலே சொன்னதை அப்படியே செய்ய வேண்டாம். அதில் அதிர்வைக் குறைக்கும் பாலன்ஸ் தண்டுக்கென்று இரண்டாவது பெல்ட் ஒன்றும் உள்ளே இருக்கிறது. எஞ்சின் எண்ணைப் பார்த்துக் கீழே எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.