மூன்று மாதம் குடியிருக்க ஓர் ஆர்வி பார்க்

கேள்வி: எனக்கு 67 வயது, என் மனைவிக்கு 63. ஸ்காபரோவில் வசிக்கும் நாங்கள் இருவரும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டோம். சென்ற கோடையில் 2013ஆம் ஆண்டில் தயாரான 26 அடி டிரெய்லர் ஒன்றை வாங்கினோம். டிசம்பர் 27 அளவில் புறப்பட்டு ஏப்ரல் 3 வரை வெப்பமான ஓரிடத்தில் தங்க விரும்புகிறோம். மகன் புளோரிடா என்கிறார். நண்பர் ஒருவர் அரிசோனாதான் மலிவு என்கிறார். நாங்கள் இணையத்தில் பார்த்து விரும்பிய ஓர் ஆர்வி பார்க்கில் (வீட்டு வசதியுள்ள டிரெய்லரை நிறுத்தித் தங்கும் இடம்), முழுப் பருவக் கட்டணத்தையும் இம்மாத இறுதிக்குள் கட்டினால் தள்ளுபடி தருவதாகச் சொல்கிறார்கள். மனைவிக்கு மூட்டுவலியும் இரத்த அழுத்தமும் உண்டு; அண்மையில்தான் மாத்திரை மாற்றப்பட்டது. மார்ச் விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் எங்களிடம் வர ஆசைப்படுகிறார்கள். நல்ல பார்க்கை எப்படித் தெரிவு செய்வது?
– ஸ்காபரோ வாசகர்

பதில்:

அன்புள்ள ஐயா,

மாத இறுதி நெருங்குவதால் தள்ளுபடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பணத்தைக் கட்ட வேண்டாம். கண்ணால் பார்க்காத ஓரிடத்துக்கு, இதுவரை ஒரு குளிர்காலம்கூடத் தங்கிப் பழகாத டிரெய்லரோடு போகும்போது, முழுப் பருவத்துக்கும் முன்பணம் கட்டுவது பெரும் துணிச்சல். ஒரு மாதத்துக்கு மட்டும் பதிவு செய்யுங்கள். அதே தரிப்பிடத்தில் தொடர விரும்பினால் இரண்டாம், மூன்றாம் மாதங்களுக்கு உங்களுக்கு முன்னுரிமை தருவார்களா என்று கேளுங்கள். தருவதாகச் சொன்னால் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதை நான் பட்டறிந்தே சொல்கிறேன். நானும் என் துணைவரும் முதல் முறை புறப்பட்ட ஆண்டில், நீச்சல் குளத்தின் படத்தையும் பனைமரங்களின் படத்தையும் பார்த்து ஒரு பார்க்குக்கு மூன்று மாதக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டிவிட்டோம். எங்களுக்குக் கிடைத்த தரிப்பிடத்தின் பின்வேலிக்கு அப்பால் இரயில் பாதை ஓடியது. சற்றுத் தள்ளி ஒரு கடவை இருந்தது. அமெரிக்காவில் பொதுச் சாலையைக் கடக்கும் கடவைக்கு 15 முதல் 20 விநாடிகளுக்கு முன்னரே இரயில் ஒலி எழுப்பத் தொடங்க வேண்டும் என்பது விதி என்பதையும், இரவு இரண்டு மணிக்கும் அது பொருந்தும் என்பதையும் அந்த மூன்று மாதங்களில் நன்றாக அறிந்துகொண்டோம். பணத்தைத் திருப்பிக் கேட்டோம், கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, எந்தப் பார்க்கையும் தொலைபேசியில் அழைப்பதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் அதைப் பெரிதாக்கி, இரயில் பாதை, நெடுஞ்சாலை, விமான ஓடுபாதை, மாட்டுப் பண்ணை ஆகியவை எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்று பார்க்காமல் நான் விடுவதில்லை.

அடுத்து, எந்தப் பகுதி என்ற கேள்வி. கனடியர்கள் வழக்கமாகப் போகும் மூன்று இடங்களான புளோரிடாவின் டாம்பா சுற்றுவட்டாரம், ரெக்சாஸின் தென்முனையில் உள்ள ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு, அரிசோனாவின் யூமா ஆகியவற்றில் ஜனவரி மாதப் பகல் வெப்பநிலை பெரிதும் வேறுபடுவதில்லை. மூன்றிலும் 21 அல்லது 22 பாகை செல்சியஸை ஒட்டியே இருக்கும். இரவும் ஈரப்பதமும் தூரமும்தான் வேறுபடுகின்றன. யூமாவின் பாலைவனத்தில் பொழுது சாய்ந்ததும் குளிர் சட்டென இறங்கும், ஆனால் காற்று உலர்ந்திருக்கும். புளோரிடாவில் ஈரப்பதம் கூடுதல் என்பதால், வெளியே குளிரும் இரவுகளில் டிரெய்லரின் சன்னல்களிலும் மெத்தையின் அடியிலும் நீர் கோத்துக்கொள்ளும்; ஒரு சிறிய ஈரமகற்றி இல்லாமல் சமாளிப்பது கடினம். ரொறன்ரோவிலிருந்து டாம்பா ஏறத்தாழ 2,200 கிலோமீற்றர், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கின் மக்காலன் நகரம் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர், யூமாவோ 3,700 கிலோமீற்றருக்கும் மேல். மூட்டுவலியுள்ள ஒருவரை முன்னிருக்கையில் அமர்த்தி, டிரெய்லரை இழுத்துக்கொண்டு, டிசம்பர் இறுதியில் முதல் முறையாகப் போகிறவருக்கு இந்த வேறுபாடு சிறியதன்று.

உங்கள் நண்பர் மலிவு என்று சொல்வது, பெரும்பாலும் அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கத்தில் மத்திய அரசின் நில மேலாண்மைத் திணைக்களம் நடத்தும் நீண்டகாலத் தங்குமிடங்களாக இருக்கலாம். செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் அங்கே தங்க முடியும் என்பதும், செலவு மிகக் குறைவு என்பதும் உண்மைதான். ஆனால் அது திறந்த பாலைவனம். தரிப்பிடத்தில் மின்சாரமோ கழிவுக் குழாயோ கிடையாது; தண்ணீரைப் பொதுக் குழாயடியில் நிரப்பிக்கொண்டு வர வேண்டும்; கழிவுத் தொட்டி நிரம்பினால் டிரெய்லரையே நகர்த்திக் கொண்டுபோய்க் காலி செய்ய வேண்டும். சூரிய மின்தகடும் சில ஆண்டு அனுபவமும் உள்ளவர்கள் அதை மிகவும் விரும்புகிறார்கள். உங்கள் இருவருக்கும் முதல் குளிர்காலத்தில் அது பொருந்தாது.

ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு எனக்குப் பிடித்த பகுதி. மிஷன் நகரைச் சுற்றித் தை மாதத்தில் தோடம்பழத் தோட்டங்கள் காய்த்துக் குலுங்கும். குளிர்காலத்துக்காக வரும் முதியவர்களை நம்பியே நடக்கும் பார்க்குகள் அங்கே நிறைய உள்ளதால் பொது மண்டபம், நடை, கைவேலை வகுப்பு என்று பகற்பொழுது நன்றாகப் போகும். ஆயினும் வடக்கிலிருந்து இறங்கும் குளிர்காற்றைத் தடுக்க அங்கே மலையில்லை. 2021 பெப்ரவரியில் ரெக்சாஸ் முழுவதும் உறைந்து மின்சாரம் நின்றபோது அந்தப் பள்ளத்தாக்கும் தப்பவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், இந்த முதல் ஆண்டில் உங்கள் மகன் சொல்வதையே நானும் சொல்வேன். ஆனால் கடற்கரையோரம் வேண்டாம். டாம்பாவை அடுத்த செஃபிர்ஹில்ஸ், லேக்லாண்ட் போன்ற உள்நாட்டு ஊர்களைப் பாருங்கள். வாடகை கடற்கரையைவிடக் குறைவு, மருத்துவமனை ஊருக்குள்ளேயே இருக்கிறது. தென்னிந்திய முறையில் இராஜகோபுரத்தோடு கட்டப்பட்ட புளோரிடா இந்துக் கோவில் டாம்பாவில் இருப்பதால், தைப்பொங்கலன்றும் சிவராத்திரியன்றும் நீங்கள் தனித்துப்போக மாட்டீர்கள். புளோரிடாவின் புயற்பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை என்பதால் நீங்கள் போகும் நேரத்தில் அந்த அச்சம் இல்லை; எனினும் முந்தைய புயல்கள் விட்டுச்சென்ற சேதம் இருக்கக்கூடும். 2022 செப்டம்பரில் இயன் புயல் ஃபோர்ட் மயர்ஸ் கரையைச் சிதைத்தது. 2024 ஒக்ரோபரில் மில்டன் புயலின் மழையால் உள்நாட்டு ஆறுகளும் பெருகின. ஆகவே, தண்ணீர் ஏறிய பார்க்கா, ஏறியிருந்தால் மின்கம்பங்களையும் கழிவுக் குழாய்களையும் அதன் பின்னர் மாற்றினார்களா என்று தயங்காமல் கேளுங்கள்.

பகுதியைத் தீர்மானித்த பிறகு பார்க்க வேண்டியது மின்சாரம். குளத்தையும் மண்டபத்தையும் பார்த்து மயங்குகிறவர்கள் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். 26 அடி டிரெய்லர் பெரும்பாலும் 30 அம்பியர் இணைப்பு உடையதாகத்தான் இருக்கும். 120 வோல்ட்டில் அது 3,600 வாட் மட்டுமே. நம் சமையலுக்கு 1,800 வாட் மின்னடுப்பு ஒன்று, காலைக் குளிருக்கு 1,500 வாட் வெப்பமூட்டி ஒன்று என்று வைத்தாலே 3,300 வாட் போய்விடும். அந்த நேரத்தில் சட்னிக்கு மிக்சியைப் போட்டால் எல்லாம் அணைந்துவிடும். சமைக்கும்போது வெப்பமூட்டியை நிறுத்தலாம், அல்லது புரொப்பேன் அடுப்பில் சமைக்கலாம்; எதுவானாலும் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது. இதைவிடப் பெரிய சிக்கல் பழைய பார்க்குகளில் உண்டு. குளிரும் மாலையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வெப்பமூட்டியை இயக்கும்போது மின்னழுத்தம் தாழ்ந்து, மின்கருவிகள் பழுதாகக்கூடும். தரிப்பிடத்தில் மின்சாரம் தரும் கம்பத்துக்கும் உங்கள் டிரெய்லரின் மின்கம்பிக்கும் இடையில் பொருத்தும் பாதுகாப்புக் கருவியை ஊரிலிருந்தே வாங்கிச் செல்லுங்கள். தாழ்ந்த மின்னழுத்தத்தையும் துண்டிக்கும் வகைதான் வேண்டும். மாத வாடகையில் தங்குவோருக்கு மின்சாரம் பெரும்பாலும் மீற்றர் வைத்துத் தனியாகவே கணக்கிடப்படும். விளம்பரத்தில் உள்ள தொகையோடு மின்சாரத்தையும் வரியையும் சேர்த்து, அமெரிக்க டொலரைக் கனடிய டொலராக மாற்றிய பிறகே இரண்டு பார்க்குகளை ஒப்பிடுங்கள்.

தண்ணீரும் கழிவுக் குழாயும் தரிப்பிடத்திலேயே இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். குளியலறைக் கட்டடத்துக்கு எத்தனை அடி தூரம், வழி சமதளமா, இரவில் விளக்கு எரியுமா என்பவற்றை உங்கள் துணைவியாரின் முழங்கால்களை நினைத்துக் கேளுங்கள்.

பார்க்கின் விதிமுறைகளை முழுவதுமாக வரவழைத்துப் படியுங்கள். உங்கள் விடயத்தில் இரண்டு விதிகள் முக்கியமானவை. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வண்டிகளைப் பல பார்க்குகள் ஏற்பதில்லை. உங்களுடையது 2013ஆம் ஆண்டினது என்பதால், பதிவுக்கு முன்பே ஆண்டைச் சொல்லி, நான்கு பக்கமும் எடுத்த படங்களை அனுப்பிச் சம்மதம் பெறுங்கள். நன்றாகப் பேணப்பட்ட வண்டி என்றால் படத்தைப் பார்த்து விட்டுக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அடுத்தது வயது. நீங்கள் பார்க்கும் இடங்களில் பல 55 வயதுக்கு மேற்பட்டோருக்கானவை. 1995ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, குடியிருக்கும் அலகுகளில் குறைந்தது 80 சதவீதத்திலாவது 55 வயதை எட்டிய ஒருவர் இருந்தால்தான் ஓரிடம் அந்தத் தகுதியை வைத்துக்கொள்ள முடியும். அதனால் வயது விதியில் அவர்கள் கண்டிப்பாக இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் விருந்தினராக வரலாம், ஆனால் எத்தனை இரவு தங்கலாம், ஆளுக்கு எவ்வளவு கட்டணம், குளத்தில் எந்த நேரத்தில் இறங்கலாம் என்பவை பார்க்குக்குப் பார்க் மாறும். ஒரு வாரம் முழுவதும் பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்பது உங்கள் ஆசையாக இருந்தால், அதற்கு இடங்கொடுக்கும் பார்க்கைத்தான் தேட வேண்டும். அவர்கள் வரும் ஆவலும் வாடகையைப் போலவே கணக்கில் சேர வேண்டிய ஒன்று என்று நான் மனதார நம்புகிறேன்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி மாத்திரை மாற்றத்தைப் பற்றியது. பயண மருத்துவக் காப்புறுதிகள் ஏற்கனவே உள்ள நோய்க்கு, புறப்படுவதற்கு முன் குறிப்பிட்ட நாள்கள், அதாவது 90 அல்லது 180 நாள்கள் போன்றதொரு காலம், நிலைமை மாறாமல் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கும். மருந்தின் அளவை மாற்றுவதும் மாற்றமாகவே கொள்ளப்படலாம். ஒன்ராறியோவின் அரச மருத்துவக் காப்புறுதி, நாட்டுக்கு வெளியே மருத்துவமனையில் தங்கிப் பெறும் அவசர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர் மட்டுமே தரும். அமெரிக்க மருத்துவமனைச் செலவில் அது ஒரு சிறு துளி. ஆகவே காப்புறுதி நிறுவனத்திடம் மாத்திரை மாற்றப்பட்ட திகதியைச் சொல்லி, காப்பு உண்டா என்பதை எழுத்தில் பெறும் வரை, திருப்பித் தராத எந்த முன்பணத்தையும் எந்தப் பார்க்குக்கும் கட்டாதீர்கள். பயணத் திகதியைச் சில வாரங்கள் தள்ளிப்போட நேர்ந்தாலும் தள்ளிப்போடுங்கள். பார்க்கைத் தெரிவு செய்யும்போது, மருத்துவக் காரணத்தால் வர முடியாமற்போனால் பணம் திரும்புமா என்ற ஒரே கேள்விக்கு நான் மற்ற வசதிகளையெல்லாம்விட மதிப்பளிப்பேன்.

நாள் கணக்கில் உங்களுக்குச் சிக்கல் இல்லை. நீங்கள் சொல்லும் 98 நாள்கள், அரச மருத்துவக் காப்புறுதியை இழக்காமல் வெளியே இருக்க ஒன்ராறியோ அனுமதிக்கும் 212 நாள்களுக்குள் அடங்கும். அமெரிக்க வரித்துறை, ஒருவரைத் தன் வரிக்கு உட்பட்ட குடியிருப்பாளராகக் கொள்ளலாமா என்று அறிய, இந்த ஆண்டின் நாள்களோடு சென்ற ஆண்டின் நாள்களில் மூன்றில் ஒரு பங்கையும் அதற்கு முந்தைய ஆண்டின் நாள்களில் ஆறில் ஒரு பங்கையும் கூட்டி 183 வருகிறதா என்று பார்க்கிறது; ஆண்டுதோறும் 120 நாள்களுக்குள் நின்றுகொண்டால் அந்த எல்லையைத் தொட மாட்டீர்கள். அமெரிக்காவில் 30 நாளோ அதற்கு மேலோ தங்கும் வெளிநாட்டவர் அந்நாட்டு அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரல் 11 முதல் கண்டிப்பாக நடைமுறையில் இருப்பதால், தரைவழியே நுழையும்போது எல்லை அதிகாரியிடம் வருகைப் பதிவை (I-94) கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது, மூன்று நான்கு பார்க்குகளைத் தெரிவு செய்து நீங்களே அழைப்பதுதான். அலுவலகத்தில் பேசுகிறவர் பொறுமையாகப் பதில் சொல்கிறாரா என்பதையும் கவனியுங்கள். மூன்று மாதம் அவரிடம்தான் போய் நிற்கப்போகிறீர்கள். உங்களுக்கு ஒதுக்கும் தரிப்பிடத்தின் எண்ணைக் கேட்டுப் பார்க்கின் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எண் தர முடியாது என்று சொல்லும் பார்க்கில் மாதக் கணக்கில் பதிவு செய்யாதீர்கள். போய்ச் சேர்ந்ததும் முதல் வாரத்தில் மாலை நடை போகும்போது, பல ஆண்டுகளாக வருகிறவர்களிடம் எந்த வரிசையில் நிழல் இருக்கிறது, எங்கே மழைநீர் தேங்குகிறது என்று விசாரியுங்கள். அடுத்த பருவத்துக்கான பதிவை எப்போது திறப்பார்கள் என்பதையும் அவர்களே சொல்வார்கள். பிடித்த தரிப்பிடத்தின் எண்ணை அலுவலகத்தில் சொல்லி, அதற்கான காத்திருப்போர் பட்டியலில் உங்கள் பெயரை ஊர் திரும்புவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.