அபிடவிட் என்பது எந்த மொழிச் சொல்? சத்தியக் கடதாசியும் அதுவும் ஒன்றுதானா?

இந்தக் கேள்வியை அனுப்பியவர் கொழும்பில் கந்தோர் கந்தோராக "அபிடவிட் ஒன்று கொண்டு வாங்கோ" என்று சொல்லக் கேட்டிருக்கிறார். இரண்டும் ஒன்றுதான்: சத்தியம் செய்து எழுத்தில் கொடுக்கும் வாக்குமூலம். தமிழ்நாட்டார் பிரமாணப் பத்திரம் என்பதை இலங்கையில் சத்தியக் கடதாசி என்கிறோம்.

சொல் இலத்தீன். அதுவும் பெயர்ச்சொல் அல்ல, வினைமுற்று. இடைக்கால இலத்தீனில் 'அஃபிதாரே' என்றால் வாக்குக் கொடுத்து உறுதி சொல்லுதல். 'அத்' என்ற முன்னொட்டும், நம்பிக்கை என்று பொருள்படும் 'ஃபிதெஸ்' வழி வந்த வினையும் சேர்ந்தது அது. முன்னொட்டின் கடைசி மெய் அடுத்த எழுத்தோடு ஒன்றிப் போனதால்தான் ஆங்கிலத்தில் இன்றும் இரண்டு எஃப் போடுகிறோம். அதன் இறந்தகாலப் படர்க்கை ஒருமை 'அஃபிதாவித்': சத்தியம் செய்தார். எழுவாயைச் சொல்லாமல் விகுதியிலேயே ஆளைக் காட்டுவது தமிழருக்குப் புதிதா என்ன?

16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது வினை பெயராகிவிட்டது. டெஃபிசிட் (குறைகிறது), வீட்டோ (தடுக்கிறேன்), தியேட்டர் வாசலில் எரியும் எக்சிட் (வெளியே போகிறார்) எல்லாம் இதே சாதி. ஃபிதெஸ் குடும்பத்தில் கான்ஃபிடென்ஸ், போனா ஃபைடி, பிரெஞ்சு வழியாக வந்த ஃபியான்சே ஆகியவையும் உண்டு. ஆங்கில உச்சரிப்பு 'அஃபிடேவிட்', அழுத்தம் 'டே'யில். கடைசி எழுத்து T. D போட்டு 'டேவிட்' (David) ஆக்கிவிடாதீர்கள். கூட வரும் வினைகள் மேக், ஸ்வேர், ஃபைல். 'ஸ்வோர்ன் அஃபிடேவிட்' என்பது கூறியது கூறல்தான், ஆனால் வழக்கில் ஊன்றிவிட்டது.

வேரைத் தெரிந்துகொள்வதில் கைக்கு உதவும் பயன் ஒன்று இருக்கிறது. 'சத்தியம் செய்தார்' என்பதுதான் பொருள் என்றால், அது நடக்கும் வரை உங்கள் கையில் இருப்பது வெறும் தாள். வீட்டிலேயே கையொப்பம் வைத்து, தம்பியிடம் கொடுத்து, அத்தாட்சிப்படுத்தும் அதிகாரமுள்ள சமாதான நீதவானிடம் முத்திரை குத்தி வரச் சொல்வது கொழும்பில் சாதாரணமாக நடக்கிறது. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி "யார் முன்னால் ஒப்பமிட்டீர்கள்?" என்று கேட்டால் அந்தக் கடதாசி அங்கேயே விழும். ஒப்பமிடாமல் எடுத்துப் போங்கள், அத்தாட்சிப்படுத்துபவருக்கு முன்னால் இடுங்கள்.

அவர் சமாதான நீதவானாகவோ சத்தியப் பிரமாண ஆணையாளராகவோ இருக்கலாம். கொழும்பில் ஆணையாளர்கள் பெரும்பாலும் சட்டத்தரணிகளே. ஆனால் உங்கள் வழக்கில் உங்களுக்காகத் தோன்றும் சட்டத்தரணி அதே வழக்கின் சத்தியக் கடதாசியை ஆணையாளராக நின்று அத்தாட்சிப்படுத்தக் கூடாது. நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் பக்கத்து அறைக்கு அனுப்புவது இதனால்தான், அலைக்கழிப்பதற்கு அல்ல.

அதிகம் பிழை நேரும் இடம் கடதாசியின் முதல் வரி. 1895ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சத்தியங்கள் அல்லது உறுதியுரைகள் கட்டளைச் சட்டப்படி இந்துக்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் சத்தியத்துக்குப் பதிலாக உறுதியுரைக்கலாம். கிறிஸ்தவர்கள் சத்தியம் செய்பவர்கள். தட்டச்சுக் கடையில் வேறொருவரின் பழைய பிரதியை எடுத்துப் பெயரை மட்டும் மாற்றும்போது, இந்து ஒருவர் மேலே சத்தியம் செய்து கீழே உறுதியுரைக்கும் விசித்திரம் நேர்கிறது. இது மட்டும் கடதாசியைச் செல்லாததாக்கிவிடாது, அதே சட்டம் அதற்கு இடம் வைத்திருக்கிறது. ஆனாலும் ஆட்சேபத்துக்கு வாய்ப்பளித்து ஒரு தவணையை ஏன் இழக்க வேண்டும்?

கடதாசியின் உடற்பகுதியில் ஒவ்வொரு விடயமும் தனி இலக்கமிட்ட பந்தியாக, 'நான்' என்று தன்மையில் வர வேண்டும். நீங்களே நேரில் அறிந்தது மட்டும். "பக்கத்து வீட்டு அன்ரி சொன்னா" என்பதை அந்த அன்ரியே தனியாக எழுதட்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் அந்த இடத்தில் நீங்களும் அத்தாட்சிப்படுத்துபவரும் சுருக்கொப்பம் இட வேண்டும். கடைசியில் இடம், திகதி, 'என் முன்னிலையில்' என்று வரும் பகுதிக்கு ஜூராட் என்று பெயர்; அதுவும் இலத்தீன்தான், சத்தியம் செய்தல் என்ற வினையிலிருந்து பிறந்தது. எழுதிய மொழி உங்களுக்குத் தெரியாவிட்டால், வாசித்து விளக்கப்பட்டது, விளங்கிக்கொண்டார் என்று அங்கே இருக்க வேண்டும். தமிழர் ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ தட்டச்சான கடதாசியில் ஒப்பமிடும் கொழும்பில் இந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

நம்மவர்களுக்கு இது பெரும்பாலும் தேவைப்படுவது பெயர் வித்தியாசத்துக்கு: பிறப்புப் பத்திரத்தில் இராசரத்தினம், அடையாள அட்டையில் ராஜரட்ணம். இரண்டு பெயரையும் அந்தந்த ஆவணத்தில் உள்ள எழுத்துப்படியே, ஆவண இலக்கத்தோடு எழுதி, இரண்டும் ஒரே ஆளான என்னையே குறிக்கும் என்று முடியுங்கள். "பெயரை மாற்றிக்கொண்டேன்" என்று எழுதிவிடாதீர்கள். சத்தியக் கடதாசி பெயரை மாற்றாது. பிறப்புப் பதிவைத் திருத்த வேண்டுமானால் அதற்குப் பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் தனி விண்ணப்பம் இருக்கிறது.