ரிமோட் ஹெலிகாப்டரில் கட்டிய கேமரா: ஷட்டரைத் தரையிலிருந்து இயக்குவது எப்படி?

கேள்வி: என்னிடம் 600 அளவு (விசிறி இதழ் ஏறக்குறைய 600 மி.மீ. நீளம்) மின்சார ரிமோட் ஹெலிகாப்டர் இருக்கிறது. அதன் அடியில் பழைய கேனான் 550டி கேமராவைக் கட்டி, எங்கள் ஊர் ஏரியை மேலிருந்து படம் எடுக்கப் பார்க்கிறேன். சின்ன சர்வோ (கையை அசைக்கும் குட்டி மோட்டார்) ஒன்றை வைத்து ஷட்டர் பட்டனை அழுத்த வைத்தேன். பறக்கும்போது அதிர்வில் சர்வோ இடம் நகர்ந்துவிடுகிறது, பல படங்கள் விழுவதே இல்லை. கேமராவின் பக்கவாட்டில் ரிமோட் ஜாக் இருக்கிறதே, ஹெலிகாப்டரில் இருக்கும் ரேடியோ ரிசீவரிலிருந்து வரும் சர்வோ வயரை நேராக அதில் கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்த ஜாக் வெளியிலிருந்து மின்சாரம் வாங்குவதற்காக வைத்தது அல்ல. அதில் இருக்கும் இரண்டு கோடுகளில் எது தரைக் கோட்டோடு (கிரவுண்ட்) சேர்கிறது என்பதை மட்டும்தான் கேமரா பார்க்கிறது. 550டி-யில் இருப்பது 2.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக். பிளக்கின் அடிப்பகுதி தரை, நடு வளையம் ஃபோகஸ், நுனி ஷட்டர். வளையம் தரையைத் தொட்டால் பட்டனைப் பாதி அழுத்திய மாதிரி. நுனி தொட்டால் முழுதாக அழுத்திய மாதிரி.

ரிசீவரிலிருந்து வருவது வேறு சங்கதி. ஏறக்குறைய 20 மில்லி வினாடிக்கு ஒரு பல்ஸ் வரும். அதன் அகலம் 1 முதல் 2 மில்லி வினாடி வரை மாறும். உங்கள் சுவிட்ச் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி அந்த அகலத்தில்தான் இருக்கிறது. இதைக் கேமராவுக்குப் படிக்கத் தெரியாது. அதோடு சர்வோ வயரின் சிவப்புக் கம்பியில் 5, 6 வோல்ட் எப்போதும் இருக்கும். அது ஜாக்கில் பட்டால் கேமராவின் உள் போர்டே பழுதாகலாம்.

ஆகவே நடுவில் இரண்டு பொருள்கள் வேண்டும். பல்ஸின் அகலத்தை அளந்து முடிவெடுக்க ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது புரோகிராம் ஏற்றக்கூடிய குட்டிக் கணினிச் சில்லு. அது சொன்னதும் கேமராவின் கோட்டைத் தரையோடு சேர்க்க ஒரு சுவிட்ச். அந்த சுவிட்ச் வழியாக ஹெலிகாப்டரின் மின்சாரமும் கேமராவின் மின்சாரமும் ஒன்றையொன்று தொடவே கூடாது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். ஹெலிகாப்டர் மோட்டாரும் ஸ்பீட் கன்ட்ரோலரும் கிளப்பும் மின் இரைச்சல் கேமராவுக்குள் போகக் கூடாது. கேமரா வயரில் ஏதாவது கோளாறு வந்தாலும் அது பறக்கும் இயந்திரத்தின் ரிசீவரைப் பாதிக்கக் கூடாது.

சாலிடரிங்கில் இறங்கும் முன் உங்கள் ரேடியோவில் (கையில் பிடிக்கும் டிரான்ஸ்மிட்டரில்) காலி சானல், அதாவது கட்டளை அனுப்பத் தனி வழி, இருக்கிறதா என்று பாருங்கள். த்ராட்டில், எய்லரான், எலிவேட்டர், ரட்டர் என்று நான்கு சானல் போய்விடும். ஐந்தாவது ஜைரோ கெயின் (வாலை நிதானமாக வைக்கும் ஜைரோவின் அளவு), ஆறாவது கலெக்டிவ் பிட்ச் (விசிறி இதழ்களின் சாய்வு). ஆறு சானல் ரேடியோவில் கேமராவுக்கு இடமே இருக்காது. ஏழாவது சானல் தேவை. ஜைரோ கெயின் சானலைக் கேமராவுக்குத் திருப்பிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம், வாலின் நிதானம் உங்கள் படத்தைவிட முக்கியம். சானலை மூன்று நிலை சுவிட்ச் ஒன்றுக்கு ஒதுக்குங்கள். கீழே வைத்தால் ஒன்றும் இல்லை, நடுவில் பாதி அழுத்தம், மேலே தள்ளினால் படம்.

சுவிட்சுக்கு நான் பரிந்துரைப்பது ஆப்டோகப்ளர். ஒரு பக்கம் சின்ன எல்இடி, மறுபக்கம் அந்த வெளிச்சம் பட்டதும் இணைப்பைச் சேர்க்கும் டிரான்சிஸ்டர். நடுவே கம்பித் தொடர்பே கிடையாது. பிசி817 என்று கேட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். ரிலே போட்டாலும் மின்சாரம் பிரிந்துதான் இருக்கும். ஆனால் அதன் உள்ளே ஆடும் தகடு இருக்கிறது. அதிர்வு ஓயாத ஹெலிகாப்டரில் அப்படி ஒன்றை நம்ப எனக்கு மனம் வராது.

ஃபோகஸுக்கு ஒன்று, ஷட்டருக்கு ஒன்று என இரண்டு ஆப்டோகப்ளர் வாங்குங்கள். மேலே புள்ளி வைத்த மூலைதான் 1-ஆம் கால். 1-ஆம் காலுக்கு மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து 330 ஓம் மின்தடை வழியாக இணைப்பு, 2-ஆம் கால் ஹெலிகாப்டர் பக்கத்துத் தரை. மைக்ரோகன்ட்ரோலர் தரும் 5 வோல்ட்டில் எல்இடி சுமார் 1.2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மீதி 3.8 வோல்ட்டுக்கு 330 ஓம் என்றால் 11 மில்லி ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே ஓடும். அது தாராளம். மறுபக்கம் 4-ஆம் கால் கேமராவின் நுனிக்கோ வளையத்துக்கோ போகும்; 3-ஆம் கால் பிளக்கின் அடிப்பகுதிக்கு, அதாவது கேமராவின் தரைக்கு. இரண்டு தரைகளையும் எங்கும் சேர்த்துவிடாதீர்கள். சேர்த்தால் ஆப்டோகப்ளர் போட்டதே வீண்.

2.5 மி.மீ. பிளக்கைத் தனியாகத் தேடி அலைவதைவிட, விலை மலிவான கேபிள் ரிமோட் ஒன்றை வாங்கி வயரை வெட்டிக்கொள்வது எளிது. உள்ளே வயர் நிறங்கள் தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் தொடர்பு பார்த்து, எது நுனி, எது வளையம், எது அடி என்று குறித்துக்கொள்ளுங்கள்.

மைக்ரோகன்ட்ரோலருக்கு ஆர்டுயினோ நானோ போதும். எடை குறைய வேண்டுமானால் ஏடிடைனி 85. இதில் பலர் மாட்டிக்கொள்வது மின்னழுத்தத்தில். இந்தச் சில்லுகள் 5.5 வோல்ட் வரைக்கும்தான். ஹெலிகாப்டர் சர்வோக்களுக்காக பிஇசி-யை (ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் கொடுக்கும் பகுதி) 6 வோல்ட்டிலோ 7.4 வோல்ட்டிலோ வைத்திருப்பது சகஜம். முதலில் அளந்து பாருங்கள். 5 வோல்ட் இருந்தால் போர்டின் 5 வோல்ட் பின்னில் கொடுக்கலாம். அதற்கு மேல் இருந்தால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் வழியாகப் போகும் விஐஎன் பின்னில்தான் கொடுக்க வேண்டும்.

புரோகிராம் சின்னதுதான், ஆனால் யோசித்து எழுத வேண்டியது. பல்ஸின் அகலம் 0.9 முதல் 2.1 மில்லி வினாடிக்குள் இல்லையென்றால் அதைக் குப்பை என்று ஒதுக்குங்கள். சரியான பல்ஸ் தொடர்ந்து மூன்று வந்தால்தான் நம்புங்கள். அதற்கு ஆகும் 60 மில்லி வினாடி தாமதம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. 1.3-ஐத் தாண்டினால் பாதி அழுத்தம், 1.7-ஐத் தாண்டினால் படம். திரும்பி வரும்போது எல்லையைச் சற்றுக் கீழே வையுங்கள், 1.7-இல் தொடங்கியது 1.6-க்குக் கீழே வந்தால்தான் முடிய வேண்டும். ஒரே எல்லையாக வைத்தால் சிக்னல் சற்று நடுங்கினாலே இரண்டு, மூன்று படம் சேர்ந்து விழும். படம் எடுக்கும்போது ஷட்டர் ஆப்டோகப்ளரை 200 மில்லி வினாடி எரியவிட்டு அணைத்துவிடுங்கள். சுவிட்ச் கீழே வந்து மறுபடி ஏறினால்தான் அடுத்த படம்.

சிக்னல் நின்றுபோனால் என்ன ஆகும்? பல்ஸ் அளக்கும் கட்டளைக்கு 30 மில்லி வினாடி காலக்கெடு கொடுங்கள். அதற்குள் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டு ஆப்டோகப்ளரும் அணைய வேண்டும். ரிசீவரின் ஃபெயில்சேஃப் அமைப்பிலும் (சிக்னல் அறுந்தால் எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று சொல்லி வைப்பது) இந்தச் சானலை 'ஒன்றும் இல்லை' நிலைக்கு வையுங்கள். இன்னொன்று: நானோவின் 13-ஆம் பின்னில் ஆப்டோகப்ளரை இணைக்காதீர்கள். போர்டு விழிக்கும்போது முதலில் ஓடும் பூட்லோடர் என்ற புரோகிராம் அந்தப் பின்னை மினுக்கும், பேட்டரி செருகியதுமே கேமரா படம் எடுத்துவிடும்.

நடு நிலையில் பாதி அழுத்தம் எதற்கு என்று தோன்றலாம். தூங்கப்போன கேமரா விழித்து, ஒளியை அளந்து, அப்புறம் ஷட்டரைத் திறக்க நேரம் பிடிக்கும். முன்கூட்டியே பாதி அழுத்தி வைத்தால் அந்தத் தாமதம் கணிசமாகக் குறையும். ஆனால் ஆட்டோஃபோகஸை அணைத்துவிடுங்கள். மேலிருந்து பார்க்கும் தண்ணீரில் பிடிப்பதற்குக் கோடே இருக்காது. லென்ஸ் முன்னும் பின்னும் தேடித் தேடி ஷட்டரைத் தடுத்துவிடும். தரையிலேயே தூரத்து மரத்துக்கு ஃபோகஸ் செய்து, லென்ஸை எம்எஃப்-க்கு (கையால் ஃபோகஸ் செய்யும் நிலைக்கு) மாற்றி, வளையத்தின் மேல் டேப் ஒட்டுங்கள். தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள். ஷட்டர் வேகம் 1/1000 அல்லது அதற்கு மேல். விசிறி நிமிடத்துக்கு 1800 சுற்று சுற்றினால் வினாடிக்கு 30 சுற்று. 1/1000 வினாடியில் அது 11 டிகிரிகூடத் திரும்பாது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை வரும் அதிர்வின் பெரும்பகுதியை இந்த வேகம் விழுங்கிவிடும். இருந்தாலும் கேமராத் தட்டுக்கு ரப்பர் தாங்கிகள் அவசியம்.

வயர்களுக்கும் அதே அதிர்வுதான். சாலிடர் செய்த ஒவ்வொரு இடத்துக்கும் சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள். பிளக்கிலிருந்து வெளிவரும் வயரைக் கேமராத் தட்டில் ஒரு இடத்தில் கட்டி, இடையில் சின்ன வளைவு விடுங்கள். இழுவை ஜாக்கின்மேல் விழக் கூடாது. கேமராவின் எடை பிரதான அச்சுக்கு நேர் கீழே வருகிறதா என்று பறக்கும் முன் தூக்கிப் பாருங்கள்.

இந்த ஆப்டோகப்ளர் சர்க்யூட்டைக் கட்ட வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கும் வழி உண்டு. 550டி-யின் முன்பக்கம் அகச்சிவப்பு ரிமோட்டை ஏற்கும். அதற்கான எல்இடியைச் சென்சாருக்கு எதிரே ஒட்டலாம். சின்ன கேனான் பாக்கெட் கேமராக்களில் சிஎச்டிகே மென்பொருளைக் கார்டில் ஏற்றினால், யுஎஸ்பி வழியே 5 வோல்ட் கொடுத்து எடுப்பதையே ஷட்டராக ஏற்கும். உங்களிடம் ஜாக் உள்ள கேமராவே இருக்கும்போது நான் கம்பி வழிதான் போவேன்.

சோதனைக்கு முன் மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றிவிடுங்கள். ரிசீவருக்கு பிஇசி மின்சாரம் வரும், விசிறி சுற்றாது. இது கட்டாயம், 600 அளவு விசிறி ஆளைக் கொல்லும் வேகத்தில் சுற்றுகிறது. சுவிட்சை மூன்று நிலைகளிலும் மாற்றிப் பாருங்கள். அப்புறம் டிரான்ஸ்மிட்டரை அணையுங்கள். கேமரா படம் எடுக்காமல் இருக்க வேண்டும். ரேஞ்ச் செக் நிலையில் (டிரான்ஸ்மிட்டரின் சக்தியைக் குறைத்துச் சோதிப்பது) தள்ளி நின்றும் இதையே செய்யுங்கள். முதல் பறப்பில் ஒரே இடத்தில் நிறுத்தி, நீங்கள் தட்டிய எண்ணிக்கையும் கார்டில் விழுந்த எண்ணிக்கையும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள்.

ஏரி முழுவதையும் ஒட்டி ஒரே படமாக்கப் போகிறீர்கள் என்றால் எப்போது தட்ட வேண்டும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 550டி-யின் சென்சார் 22.3க்கு 14.9 மி.மீ. லென்ஸை 18 மி.மீ.யில் வைத்து 50 மீட்டர் உயரத்தில் நின்றால் ஒரு படம் தரையில் சுமார் 62க்கு 41 மீட்டர் பிடிக்கும். குறுகிய பக்கம் போகும் திசையில் இருந்து, அடுத்தடுத்த படங்கள் 70 சதவீதம் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டுமென்றால் 12 மீட்டருக்கு ஒன்று. வினாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் போனால் இரண்டரை வினாடிக்கு ஒரு தட்டு. நடு ஏரியில் வெறும் தண்ணீர் மட்டும் விழும் படங்களை மென்பொருளால் ஒட்ட முடியாது. ஒவ்வொரு படத்திலும் கரையோ, மரமோ, மதகோ வரும்படி பாதையைப் போடுங்கள்.

இந்தியாவில் 2021 ட்ரோன் விதிகள் ஹெலிகாப்டருக்கும் பொருந்தும். கேமராவோடு சேர்த்து உங்களுடையது 2 கிலோவைத் தாண்டிவிடும், அதனால் 'சிறிய' வகையில் வரும். வான்வெளி வரைபடத்தில் ஏரி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி இல்லாமல் பறக்கக்கூடிய பகுதி) இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே 400 அடி வரைதான் எல்லை. யாராவது காசு கொடுத்துப் படம் கேட்டால் அது பொழுதுபோக்கு மாடல் என்ற கணக்கில் வராது. அதற்கான சான்றிதழ்களை முடித்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.