கண்ணு சிவக்கலையே, அப்புறம் ஏன் ஆபரேஷனுக்கு வெயிட் பண்ணணும்?

கேள்வி: டாக்டர், என் பொண்ணுக்கு 6 வயசு. மூட்டு வாதத்தோட சேர்ந்து கண்ணுக்குள்ள அழற்சி, யுவைட்டிஸ்னு சொல்லி 2 வருஷமா ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடறோம். இப்ப வலது கண்ல புரை. எங்க மாமனாருக்கு புரை எடுத்த மறுநாளே பேப்பர் படிச்சாரு, இவளுக்கு மட்டும் 3 மாசம் போகட்டும்ங்கறாங்க. கண்ணு சிவக்கவே இல்லையே? லென்ஸ் வைக்கறதும் சந்தேகம்தானாம்.

பதில்: உங்க தவிப்பு புரியுதும்மா, ஆனா அந்த டாக்டர் சொல்றது சரி. இந்த வகை யுவைட்டிஸ்ல பெரும்பாலும் கண்ணு சிவக்காது, வலிக்காது, குழந்தையும் எதுவும் சொல்லாது. ஸ்லிட் லேம்ப்ல, அதாவது மெல்லிசா ஒளி பாய்ச்சி கண்ணைப் பெருசாக்கிக் காட்டற கருவில பாத்தாதான் கருவிழிக்குப் பின்னாடி இருக்கற தண்ணில செல்லுங்க மிதக்கறது தெரியும், இருட்டு ரூம்ல ஓட்டை வழியா விழற வெயில்ல தூசி பறக்குமே, அச்சு அசல் அப்படியே இருக்கும். அந்த செல்லுங்க இருக்கறப்ப ஆபரேஷன் பண்ணா அழற்சி இன்னும் கிளம்பி, வச்ச லென்ஸ் மேல சவ்வு படரும், கண் பாப்பா, அதாவது நடுவுல இருக்கற கருப்பு ஓட்டை, ஒட்டிக்கும், கண்ணுக்குள்ள பிரஷரும் ஏறலாம். அதான் குறைஞ்சது 3 மாசம் கண்ணு அமைதியா இருக்கணும்னு பாக்கறோம்.

மருந்தோட அமைதியா இருந்தாலும் போதும், மருந்தே இல்லாம இருக்கணும்னு இல்ல. ஸ்டீராய்டு சொட்டு ரொம்ப நாள் விட்டா அதுவே புரையையும் பிரஷரையும் கொண்டு வரும், அதனால அழற்சியை அடக்க வாரம் ஒரு தடவை மெத்தோட்ரெக்சேட்ங்கற மருந்து, அது பத்தலைன்னா 2 வாரத்துக்கு ஒரு தடவை அடாலிமுமாப் ஊசின்னு போவாங்க. ஆனா சொட்டு மருந்தை நீங்களா நிறுத்தவே நிறுத்தாதீங்க.

அதுக்காக வருஷக்கணக்கா காத்திருக்கவும் கூடாது. 7, 8 வயசு வரைக்கும் மூளை பாக்கப் பழகிட்டே இருக்கு, புரை மறைச்சா அந்தக் கண்ணை ஒதுக்கிடும், சோம்பேறிக் கண் ஆயிடும். அதனால அழற்சி அடங்கலைன்னா மருந்தை சீக்கிரம் ஏத்தச் சொல்லி கேளுங்க, இதை நான் அழுத்தியே சொல்றேன்.

லென்ஸ் விஷயம், முன்னாடி இந்தக் குழந்தைங்களுக்கு வைக்கவே தயங்குவாங்க, இப்ப அழற்சி நல்லா கட்டுப்பட்டிருந்தா பலருக்கு வைக்கறாங்க. உங்க பொண்ணு கண்ணைப் பாத்துதான் முடிவு பண்ணணும். வைக்கலைன்னா கான்டாக்ட் லென்ஸ் இருக்கு. ஒரு கண்ணுக்கு மட்டும்ங்கறதால கண்ணாடி ஒத்து வராது, ரெண்டு கண்ணுலயும் உருவம் வேற வேற சைஸ்ல தெரியும்.

தாத்தாவுக்கு நடந்த மாதிரி ஒரே நாள்ல முடியாதும்மா. ஆபரேஷனுக்கு முன்னாடியும் பின்னாடியும் ஸ்டீராய்டு கூட்டுவாங்க, அப்புறம் இடது கண்ணுக்கு பேட்ச் ஒட்டி வலது கண்ணால பாக்க வைக்கணும். அவ பிச்சு எறிவா, அழுவா. படம் வரையற நேரம், பிடிச்ச கதை கேக்கற நேரம் பாத்து ஒட்டிப் பாருங்க.