நண்டுக் கூட்டில் மூண்ட பகை: டெக்சஸ் கடற்கரை குறித்த கேள்வி பதில்

1979 முதல் 1981 வரை டெக்சஸ் கடலோரச் சிற்றூர்களில் வியட்நாமிய அகதி மீனவர்களுக்கும் வெள்ளையின மீனவர்களுக்கும் இடையே மூண்ட பகையைப் பற்றி வாசகர்கள் கேட்டவை இங்கே.

கேள்வி: ஐயா, இது இனவெறியா, தொழில் போட்டியா?

பதில்: இரண்டையும் பிரிக்க இயலாது. 1975இல் தென் வியட்நாமின் தலைநகரான சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தபின் அகதிகளாக வந்தவர்களுள் சிலர், நண்டு பதப்படுத்தும் ஆலையில் வேலை கிடைத்ததால் சீட்ரிஃப்ட் என்னும் சிற்றூரில் குடியேறி, பணம் சேர்த்துப் படகும் வாங்கினர். ஒருவர் நண்டு பிடிக்கும் கூடு இறக்கிய இடத்தை ஒட்டி மற்றவர் இறக்கக் கூடாது என்பது அங்கே எழுதப்படாத வழக்கம்; புதியவர்களுக்கு அதை எடுத்துச் சொல்லப் பொதுவான மொழி இல்லை, உள்ளூர்க்காரர் பலருக்கு மனமும் இல்லை. எரிபொருள் விலையும் ஏறிக்கொண்டிருந்தது. 1979 ஆகஸ்டு 3 அன்று கூடு தகராறு முற்றி வெள்ளையின மீனவர் ஒருவர் வியட்நாமியர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதையடுத்து வியட்நாமியரின் படகுகள் கொளுத்தப்பட, பல குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேறின.

கேள்வி: சுட்டவருக்குத் தண்டனை கிடைத்ததா?

பதில்: இல்லை. தற்காப்பு என்ற வாதத்தை ஏற்று நடுவர் குழு விடுவித்தது.

கேள்வி: வெள்ளையின வெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் எப்படி நுழைந்தது?

பதில்: இதே பகை கால்வெஸ்டன் வளைகுடாவிலும் புகைந்தபோது, அங்குள்ள வெள்ளையின மீனவர் சிலர் கிளானை நாடினர். 1981 பிப்ரவரியில் டெக்சஸின் சான்டா ஃபே ஊரில் கூட்டம் போட்டு, ‘யு.எஸ்.எஸ். வியட்காங்’ என்று எழுதிய படகை எரித்தனர். வியட்காங் என்பது வியட்நாம் போரில் அமெரிக்காவை எதிர்த்த கம்யூனிஸ்டுப் போராளிகளின் பெயர்; கம்யூனிஸ்டுகளுக்கு அஞ்சி ஓடிவந்தவர்களுக்கு இப்படியொரு பட்டம்! மார்ச்சில் கிளான் அங்கியும் துப்பாக்கியுமாக இறால் படகொன்றில் ஏறி, உருவ பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டபடி வளைகுடாவில் வலம் வந்தனர்.

கேள்வி: சட்டம் காத்ததா?

பதில்: ஓரளவு காத்தது. சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்னும் சட்ட உதவி அமைப்பின் துணையுடன் வியட்நாமிய மீனவர் சங்கம் கிளானுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. கறுப்பினத்தவரான நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட், 1981 மே 15 அன்று இறால் பருவம் தொடங்குவதற்கு முந்தைய நாளே மிரட்டலுக்குத் தடை விதித்தார். 1982இல் கிளானின் ஆயுதப் பயிற்சிக்கும் தடை வந்தது. மனங்களை ஆணையால் மாற்ற முடியாதுதான். ஆனால் படகுகள் கடலுக்குப் போயின.

கேள்வி: இப்போது அங்கே எப்படி?

பதில்: இரு தரப்பையும் அழுத்தும் இடர்கள் வேறு: மலிவான இறக்குமதி இறால், ஆலைக் கழிவு. பாயின்ட் கம்ஃபர்ட்டிலுள்ள ஃபார்மோசா பிளாஸ்டிக் ஆலை கொட்டிய பிளாஸ்டிக் குருணைகளுக்கு எதிராக, சீட்ரிஃப்டின் இறால் மீனவப் பெண் டயான் வில்சன் தொடுத்த வழக்கில் 2019இல் 5 கோடி டாலர் உடன்பாடு ஏற்பட்டது. அதில் 2 கோடி மீனவர் கூட்டுறவுக்கு ஒதுக்கப்பட்டது.