‘ஏ எம்.காம்.’ அல்ல, ‘ஆன் எம்.காம்.’

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

வங்கித் தேர்வுக்குப் படித்துவரும் உங்கள் மகன், ஆங்கிலப் பகுதியில் ‘ஒரு’, ‘ஓர்’ என்னும் பொருளில் ‘ஏ’ (a) வருமா ‘ஆன்’ (an) வருமா என்று தடுமாறி மதிப்பெண்ணை விடுவதாகவும், தமிழ்வழியில் சேர்த்தது தவறோ என்று நீங்கள் உறக்கமின்றித் தவிப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் அனுப்பிய மாதிரித் தேர்வுத் தாளையும் தம்பியின் விண்ணப்பக் கடிதத்தையும் படித்துப் பார்த்தேன். குறை தமிழ்வழியில் இல்லை. ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்து எழுத்துகளுக்கு முன் ‘ஆன்’ போட வேண்டும் என்று அவர் மனப்பாடம் செய்து வைத்திருக்கும் அரைகுறை விதியில்தான் இருக்கிறது.

தமிழில் ‘ஓர் ஊர்’, ‘ஒரு நகரம்’ என்று அவர் பிழையின்றி எழுதுகிறார். ஆங்கிலத்திலும் ஏறக்குறைய அதே கணக்குதான்: அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் ‘ஆன்’, மெய்யொலியில் தொடங்கினால் ‘ஏ’. சொல்லின் முதலெழுத்தும் முதல் ஒலியும் தமிழில் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் நமக்குச் சிக்கல் எழுவதில்லை. ஆங்கிலத்திலோ இரண்டும் பல இடங்களில் பிரிந்துவிடுகின்றன. ‘யூனிவர்சிட்டி’ என்ற சொல்லை ‘யூ’ என்ற உயிரெழுத்தில் தொடங்கி எழுதினாலும், வாயில் முதலில் வருவது யகர ஒலி என்பதால் ‘ஏ யூனிவர்சிட்டி’ என்பதே சரி. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லை ‘எச்’ எழுத்தில் தொடங்கி எழுதினாலும், அந்த எழுத்து ஒலிக்காததால் ‘ஆன் அவர்’ என்றாகிறது. தம்பி தாளில் இவ்விரண்டையும் மாற்றிப் போட்டிருக்கிறார்.

கடிதத்தில் உள்ள ‘ஏ எம்.காம்.’ என்ற பிழை இன்னும் நுட்பமானது. ‘எம்’ மெய்யெழுத்துதான், ஆனால் அதன் பெயரை உச்சரிக்கும்போது ‘எ’ முன்னால் வருவதால் ‘ஆன் எம்.காம்.’ என்றே எழுத வேண்டும். அதையே விரித்து எழுதினால் ‘ஏ மாஸ்டர் ஆஃப் காமர்ஸ் டிகிரி’. ‘ஆன் எஸ்.எம்.எஸ்.’ என்கிறோம், ‘ஏ சிம் கார்டு’ என்கிறோம். இரண்டுக்கும் முதலெழுத்து ‘எஸ்’ (S) ஒன்றே. எண்களும் இப்படித்தான்: ‘எய்ட்’ என்று படிப்பதால் 8 சதவீத வட்டிக்கு ‘ஆன்’, ‘வன்’ என்று படிப்பதால் 1 ரூபாய் நாணயத்துக்கு ‘ஏ’.

செவியை நம்பச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் தேவை. பேச்சுத் தமிழில் நம்மில் பலர் ‘எலி’யை ‘யெலி’ என்றும் ‘எட்டு’வை ‘யெட்டு’ என்றும் சொல்வதுபோல, தம்பியும் ‘யெம்.காம்.’ என்று சொல்லிப் பழகியிருந்தால், அவர் காது ‘ஏ’ என்றுதான் விடை தரும். ‘ஹெச்.ஆர்.’ என்று நாம் அழுத்திச் சொல்வதும் அப்படித்தான். அந்த ‘எச்’ (H) எழுத்துக்கு அகராதிகள் முதன்மையாகத் தரும் உச்சரிப்பு ‘எய்ச்’ என்பதால், விண்ணப்பத்தில் அதன் முன் ‘ஆன்’ இடுவதே நல்லது. ஐயம் வரும் சொல்லைக் கைப்பேசி அகராதியில் ஒலிக்கவிட்டுக் கேட்டு, அதன்பின் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கட்டும். இடையில் வேறு சொல் வந்தால் அதன் ஒலிதான் கணக்கு: ‘ஆன் அவர்’, ஆனால் ‘ஏ ஃபுல் அவர்’.

எழுத்தர் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்களில் 30 ஆங்கிலத்துக்கு உரியவை, அவற்றுக்கு 20 நிமிடம். வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதிக்கே அதில் பெரும்பங்கு போய்விடும் என்பதால், இந்த ஒரு விதிக்காக வாரக்கணக்கில் உட்கார வேண்டாம். நாளைக்குப் பத்து நிமிடம் வாய்விட்டுப் படித்தால் போதும். கடிதத்தின் முதல் பத்தியை மட்டும் திருத்தி இணைத்துள்ளேன். எஞ்சியதைத் தம்பியே திருத்தி, அடுத்த வாரம் எனக்கு அனுப்பி வைக்கட்டும்.