உப்புப் பார்க்கும் உள்ளங்கை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு 46 வயது. சர்க்கரை நோயும் முழங்கால் வலியும் முற்றியதால், எட்டு மாதங்களுக்கு முன் உடல் எடையைக் குறைப்பதற்கான ‘ஸ்லீவ்’ அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இதுவரை 27 கிலோ குறைந்திருக்கிறது. எங்களுடையது கூட்டுக் குடும்பம். ஏழு பேருக்கும் என் சமையல்தான். முன்பெல்லாம் கடமைக்குச் சமைத்த எனக்கு, இப்போதுதான் அடுப்படியில் நிற்பதே ஆசையாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் வத்தக்குழம்பு, அவியல், உருளைக்கிழங்கு வறுவல் என்று விதவிதமாகச் செய்து எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் ஒரு சின்னக் கிண்ணத்தோடு என் சாப்பாட்டை முடித்துக்கொள்கிறேன். “உன்னால் சாப்பிட முடியாத ஏக்கத்தை எங்கள் இலையில் தீர்த்துக்கொள்கிறாய்” என்று நாத்தனார் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது. இது ஏக்கம்தானா? உப்புப் பார்க்காமல் சமைக்கவும் வழி உண்டா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் நாத்தனார் சொல்வது ஒரேயடியாகத் தள்ளக்கூடிய பேச்சு அல்ல. 1944-45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களுக்கு ஆறு மாத காலம் அரைவயிற்று உணவு மட்டும் கொடுத்து ஆய்வு நடத்தினார்கள். அதுவரை சமையலில் அக்கறை காட்டாதவர்கள்கூட, பசி முற்ற முற்றச் சமையல் புத்தகங்களைச் சேர்த்து, செய்முறைகளைக் கதைப் புத்தகம் போல வாசிக்கத் தொடங்கினார்கள். பட்டினி கிடக்கும் மனம் உணவையே சுற்றிவரும் என்பது உண்மை.

ஆனால் உங்கள் நிலை வேறு. ஸ்லீவ் அறுவையில் இரைப்பையின் ஏறக்குறைய 80 சதவீதம் அகற்றப்படுகிறது; பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் ஹார்மோன் பெருமளவில் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால், பலருக்கு முதல் ஆண்டில் பசியே அடங்கிக் கிடக்கும். வயிறு கூப்பாடு போடாதபோதுதான் தாளிப்பின் மணமும், அவியலில் தேங்காயெண்ணெய் சேரும் நொடியும், கேட்டு வாங்கிச் சாப்பிடும் பிள்ளையின் முகமும் தனியாகக் கண்ணில் படுகின்றன. அந்தச் சந்தோஷத்துக்கு நீங்கள் யாருக்கும் சமாதானம் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, மற்றவர்கள் “போதும்” என்றால் கரண்டியைக் கீழே வைக்க முடிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால் ஏக்கம் என்ற பேச்சுக்கே இடமில்லை. ‘இல்லை’ என்றால், உங்கள் அறுவை சிகிச்சைக் குழுவில் இருக்கும் உணவியல் நிபுணரிடமோ மனநல ஆலோசகரிடமோ மனம்விட்டுப் பேசுங்கள்.

எனக்குக் கவலை தருவது கரண்டிதான். ஒரு மேசைக்கரண்டி என்பது 15 மில்லி. குழம்பில் இரண்டு முறை, ரசத்தில் ஒரு முறை, கூட்டு, பாயசம், கடைசியாக வறுவலில் ஒரு துண்டு என்று ருசி பார்த்தால், உட்காருவதற்கு முன்பே 100 மில்லிக்கு அருகில் வந்துவிடும். அறுவை முடிந்த புதிதில் இரைப்பை மொத்தமாகக் கொள்ளும் அளவே 100 முதல் 150 மில்லிதான். இப்போது சற்றே கூடியிருந்தாலும், அந்த இடத்தை எண்ணெயும் மாவும் வெல்லமும் பிடித்துக்கொண்டால் முட்டைக்கும் பருப்புக்கும் இடம் ஏது? பிள்ளைகள் தட்டில் வைத்துவிட்டுப் போன மிச்சத்தை ‘வீணாகிறதே’ என்று வாயில் போட்டுக்கொள்ளும் நம் வழக்கமும் இதே கணக்கில்தான் வரும். குறைத்த எடை திரும்ப ஏறுவதற்கு இந்தக் கொறிப்பு ஒரு முக்கியமான காரணம்.

ருசி பார்க்காமல் சமைப்பது உங்களுக்குத் தெரியாத வித்தையும் அல்ல. படையலுக்கும் நைவேத்தியத்துக்கும் செய்யும் பொங்கலை வாயில் வைத்துப் பார்த்தா இறக்குகிறோம்? கையளவும் மணமும் கொதியும்தான் அன்றைக்குச் சாட்சி. அந்தப் பழக்கத்தை எல்லா நாளுக்கும் கொண்டுவாருங்கள். உப்பைக் குத்துமதிப்பாகப் போடாமல் ஒரே ஸ்பூனால் அளந்து போட்டால், இரண்டு வாரத்தில் கணக்குப் பிடிபட்டுவிடும். அப்படியும் சந்தேகம் வந்தால், உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டு நக்கிப் பாருங்கள். நம் பாட்டிமார் அப்படித்தான் பார்த்தார்கள். பாயசத்தைப் பிள்ளைகள் யாராவது பார்க்கட்டும். ஸ்லீவ் செய்தவர்களிலும் சிலருக்கு, இனிப்பு உள்ளே போன சிறிது நேரத்தில் வியர்த்துக் கொட்டிப் படபடப்பு வருவதுண்டு.

எல்லோருக்கும் பரிமாறிய பின் கடைசியில் சாப்பிடுவதை மட்டும் அருள்கூர்ந்து விட்டுவிடுங்கள். களைத்துப் போய், ஆறிய சாதத்தின் முன் உட்காருபவர் அவசரமாக விழுங்குவார். சுருங்கிய இரைப்பைக்கு அது ஆகாது. பந்தி போடுவதற்கு முன்பே உங்கள் கிண்ணத்தை எடுத்து வைத்து, அவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து, முதலில் புரதம், பிறகு காய், இடமிருந்தால் சாதம் என்று அரை மணி நேரம் நிதானமாக மென்று சாப்பிடுங்கள். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி கழித்துக் குடிக்கலாம். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஒரு முட்டையில் கிடைப்பது 6 கிராம், ஓர் இட்லியில் ஏறக்குறைய 2 கிராம். பரிமாறும் வேலையை ஏழு பேரில் ஒருவர் ஏற்றுக்கொள்ளட்டும்; நாத்தனாரையே கேட்டுப் பாருங்களேன்.

கேள்வி: என் அப்பா கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர். இரைப்பையைச் சுருக்கிக் குடலோடு இணைக்கும் ‘பைபாஸ்’ முறையில் எடைக்குறைப்பு அறுவை செய்து மூன்று மாதம் ஆகிறது. வதக்கும் வாசனையே குமட்டுகிறது என்று கொட்டகைக்குள் வரவே தயங்குகிறார். தொழிலை விடவேண்டி வருமா?
– வாசகர், மதுரை

பதில்: வேண்டியிருக்காது. அறுவைக்குப் பின் நாக்கும் மூக்கும் மாறுவது சகஜம். எண்ணெய்ப் பலகாரமும் ஆட்டிறைச்சியும் பலருக்கு ஒவ்வாமல் போகும், பெரும்பாலோருக்கு மாதங்கள் செல்லச் செல்லத் தணியும். அதுவரை அடுப்பைக் கையாட்களிடம் விட்டுவிட்டு, சாமான் பட்டியலையும் பரிமாறும் பொறுப்பையும் அவர் பார்த்துக்கொள்ளட்டும். குமட்டல் வாந்தியாகி நாள்கணக்கில் நீடித்தால் மட்டும் வாசனையின் மேல் பழிபோட்டுக் காத்திருக்க வேண்டாம். பி1 வைட்டமின் விரைவாகக் குறைந்து நரம்புகளைத் தாக்கிவிடும். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.